ரயிலுக்கு ஒரு வருகைப் பதிவேடு

ரயிலைத் திட்டியவர்கள் நாட்டில் கோடிப் பேர் இருப்பார்கள். ரயிலுக்கு வருகைப் பதிவேடு போட்டவள் எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான்.

என் பெயர் குசுமாவதி. 1982இல் போளூரில் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். வீடு திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி. பள்ளி மூன்றே முக்காலுக்கு விடும். நாலு மணி பாசஞ்சரைப் பிடித்தால் ஐந்து ஐந்துக்குத் திருவண்ணாமலை. ஸ்டேஷன் வாசலில் கண்ணாயிரத்தின் ஜட்கா குதிரை வண்டி நிற்கும். அதில் ஏறினால் இருபது நிமிடத்தில் வீடு. டைம்டேபிளில் பார்த்தால் இவ்வளவு சுகமான வாழ்க்கை யாருக்கும் கிடையாது.

ஆனால் நாங்கள் ஜைனர்கள். சூரியன் மறைந்த பிறகு எங்கள் வீட்டில் யாரும் வாயைத் திறக்க மாட்டோம். சாப்பிடுவதற்குத்தான் சொல்கிறேன், பேசுவதற்கு அல்ல. பேச்சு என் விஷயத்தில் கொஞ்சம் ஜாஸ்தி. மலை மறைக்கிற ஊரில் சூரியன் எப்போது விழுந்தது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, அதனால் பஞ்சாங்கத்தில் போட்டிருக்கும் நிமிடம்தான் எங்களுக்கு அஸ்தமனம். அந்த நிமிடத்துக்குள் கை கழுவியிருக்க வேண்டும். இல்லையென்றால் மறுநாள் காலை வரைக்கும் பட்டினி.

ரயிலிலேயே டிபன் பாக்ஸைத் திறந்தால் என்ன என்று கேட்பீர்கள். எல்லோரும் கேட்டார்கள். தலைமை ஆசிரியை மாதத்துக்கு ஒரு முறை கேட்டார். ஓடுகிற வண்டியில், வேர்க்கடலை மூட்டைக்கும் யாரோ ஒருவர் முழங்கைக்கும் நடுவில், கழுவாத கையோடு சாப்பிடுவதில்லை என்பது நான் கல்யாணத்துக்கு முன்பே எடுத்துக்கொண்ட விரதம். மாலைச் சாப்பாட்டை வீட்டில் உட்கார்ந்து, வடிகட்டிய தண்ணீர் வைத்துக்கொண்டு, பேசாமல் சாப்பிட வேண்டும். என் விரதத்தை ரயிலுக்காக மாற்றுவதா, ரயிலை என் விரதத்துக்காக மாற்றுவதா? இரண்டாவதுதான் நியாயம் என்று எனக்குப் பட்டது.

அதனால்தான் பதிவேடு. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே பள்ளியில் மிஞ்சிய வருகைப் பதிவேடு ஒன்றைக் கேட்டு வாங்கினேன். மாணவி பெயர் எழுதும் இடத்தில் 'நாலு மணி பாசஞ்சர்' என்று எழுதினேன். வீட்டுக்கு வந்து சாப்பிட்ட நாளுக்கு ஒரு கோடு, பட்டினி கிடந்த நாளுக்கு ஒரு சுழி. மூன்று வருடம் ஒரு நாள் விடாமல் போட்டேன். என் வகுப்பில் இவ்வளவு சுழி வாங்கிய ஒரு பெண் இருந்திருந்தால் அப்பாவைக் கூட்டி வரச் சொல்லியிருப்பேன்.

அந்த வருடம் ஐப்பசியில் ஒரு வாரம் தொடர்ந்து நான்கு சுழி விழுந்தது. ஐந்தாம் நாள் பத்தாம் வகுப்பில் தேற்றம் ஒன்றைப் பாதி நிரூபித்துக்கொண்டிருந்தபோது கரும்பலகை சாய்வதைப் பார்த்தேன். சாய்ந்தது நான். டாக்டர் வயிற்றில் புண் என்றார், வேளைக்குச் சாப்பிடாவிட்டால் ஆபரேஷன் வரைக்கும் போகும் என்றார்.

என் கணவர் நேமிநாதனுக்குத் தேரடி வீதியில் நோட்டுப் புத்தகக் கடை. அதிகம் பேச மாட்டார், எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கான பேச்சையும் நானே பேசிவிடுவதால் அவருக்குத் தேவையும் இல்லை. தினமும் மூன்றரைக்குக் கடையை அடைத்து வீட்டுக்கு வந்து, சோறு வடித்து, குழம்பைச் சூடு பண்ணி வைத்து, நாலரைக்குத் தான் சாப்பிட்டுவிட்டு மறுபடி கடைக்குப் போவார். நான் வரும் நேரத்துக்குத் திரும்ப வந்து பரிமாறுவார். கல்யாணமான நாளிலிருந்து எதற்கும் கூடாது என்று சொல்லாத மனிதர், அன்று சொன்னார்.

"கார்த்திகை தீபம் வரைக்கும் பாரு, குசுமா. அதுக்குள்ள இந்தப் பட்டினி நிக்கலன்னா வேலையை விட்டுடு."

நான் பாய்ந்தேன். படித்தது எதற்கு, பரீட்சை எழுதி வாங்கிய வேலையை ஒரு ஓட்டை ரயிலுக்காக விடுவதா, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை நட்டாற்றில் விடுவதா என்று ஒரே மூச்சில் கேட்டேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"வேலை போனா வேற வேலை கிடைக்கும். நீ போனா?"

 அன்று ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை. தீபத்துக்கு ஐந்து வாரம் இருந்தது. வேலையை விடுவதைவிட எனக்கு வேறு எதுவும் பெரிய பயமாக இருக்கவில்லை, வயிற்றுப் புண்கூட.

மறுநாளே பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு திருவண்ணாமலை ஸ்டேஷன் மாஸ்டர் தசரதனிடம் போனேன். நல்ல மனிதர், எப்போதும் ஜலதோஷத்தோடு இருப்பார். அன்று பார்த்து அவர் அறையில் ரயில்வே டிராஃபிக் இன்ஸ்பெக்டர் ஒருவரும் உட்கார்ந்திருந்தார். நல்லதாய்ப் போயிற்று என்று மூன்று வருடத்தையும் மேஜை மேல் விரித்தேன். இந்த வண்டி நூற்றுக்கு முப்பது நாள் தாமதம் என்றேன். இன்ஸ்பெக்டர் தன் தோல்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். அதே வண்டி நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு நாள் சரியான நேரம்.

ஒரே வண்டிக்கு இரண்டு கணக்கு. யாரோ ஒருவர் பொய். நான் குரலை உயர்த்த ஆரம்பிப்பதற்குள் அவர் என் பதிவேட்டை நிதானமாகப் புரட்டிக்கொண்டே போனார். ஆனி மாதத்தில் மூன்று வருடமும் ஒரு சுழிகூட இல்லையே என்றார். கார்த்திகையில் பாதிக்கு மேல் சுழியாக இருக்கிறதே என்றார். எதைப் பார்த்துக் குறிக்கிறீர்கள் என்று கேட்டார். சாப்பிட்டேனா இல்லையா என்பதைப் பார்த்து என்றேன்.

"ஆனியில சூரியன் ஆறு நாப்பது வரைக்கும் இருக்குது டீச்சர். கார்த்திகையில அஞ்சே முக்காலுக்கே போயிடுது. உங்க ஸ்கேலு மாசத்துக்கு மாசம் நீளுது, சுருங்குது. இதை வெச்சு என் வண்டியை அளக்காதீங்க."

கணக்கு டீச்சருக்கு அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. ஆனியில் ரயில் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தாலும் நான் சாப்பிட்டுக் கோடு போட்டிருக்கிறேன். கார்த்திகையில் பன்னிரண்டு நிமிடம் தாண்டினாலே சுழி. மூன்று வருடமாக நான் ரயிலை அளக்கவே இல்லை, சூரியனை அளந்திருக்கிறேன். தேற்றம் ஒன்றைத் தப்பாகச் சொல்லிக் கொடுத்தது போல் முகமெல்லாம் எரிந்தது. பதிவேட்டை மூடிக்கொண்டு வெளியே வந்தேன். தசரதன் பின்னாலேயே வந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, மெதுவாக ஒன்று சொன்னார். இன்ஸ்பெக்டரின் தொண்ணூற்று நாலு, வண்டி போய்ச் சேரும் கடைசி ஸ்டேஷனில் எடுத்தது. அங்கே போய்ச் சேர டைம்டேபிளில் தாராளமாக நேரம் கொடுத்திருக்கிறது. நடுவில் எவ்வளவு தாமதமானாலும் அங்கே சரியாகிவிடும். நடுவில் இறங்குகிறவர்களின் தாமதத்தை யாரும் எழுதுவதில்லை என்றார்.

அதைக் கேட்டதும் எரிச்சல் போய் வேறொன்று வந்தது. அவருடைய ஸ்கேலும் சரியில்லை, என்னுடையதும் சரியில்லை. அப்படியென்றால் சரியான ஸ்கேல் எது? கேட்க ஆளிருந்தது.

எங்கள் பக்கத்து வீட்டு முன்னறையில் மிச்சிகோ என்று ஒரு ஜப்பான்காரி வாடகைக்கு இருந்தாள். என் வயதுதான். தியானம் பண்ண வந்தவள், அதற்கு முன்பு அவள் ஊரில் ரயில்வேக்கு டைம்டேபிள் வரையும் அலுவலகத்தில் வேலை பார்த்திருக்கிறாள். ரயில் சத்தமே கேட்காத இடம் வேண்டும் என்று இங்கே வந்தாளாம். நான் இங்கிலீஷில் தட்டுத்தடுமாறி விஷயத்தைச் சொன்னபோது அவள் தியானம் எங்கே போயிற்றோ தெரியவில்லை, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆசிரமத்துக்கு எதிரில் இருந்த காபிக் கடைக்குப் போனாள். அங்கே எப்போதும் இருக்கும் தாடிக்கார இங்கிலீஷ்காரரும், சுவிட்சர்லாந்திலிருந்து வந்த உயரமான ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

உங்கள் ஊரில் எத்தனை நிமிடம் ஆனால் ரயில் லேட் என்று கேட்டேன். அவ்வளவுதான், காபி ஆறிப்போயிற்று. இங்கிலீஷ்காரர் ஐந்து நிமிடத்துக்குள் வந்தால் அது சரியான நேரம்தான் என்றார். மிச்சிகோ வாயில் கை வைத்தாள். அவர்கள் ஊரில் டிரைவர் கையில் இருக்கும் அட்டவணையே பதினைந்து விநாடிக் கணக்கில் எழுதியிருக்குமாம். ஐந்து நிமிடம் தாமதமானால் அவள் ஆபீசில் யாரும் சாப்பிடப் போக மாட்டார்களாம். அது பைத்தியக்காரத்தனம் என்றார் இங்கிலீஷ்காரர். சுவிட்சர்லாந்துக்காரர் இரண்டு பேரையும் கையமர்த்திவிட்டு, இந்த வருடம்தான் எங்கள் நாடு முழுக்க மணிக்கொரு வண்டி, ஒவ்வொரு மணியும் அதே நிமிடத்தில் என்று ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்று பெருமையாகச் சொன்னார். வண்டி எத்தனை நிமிடம் தாமதம் என்பது பெரிசில்லை, இறங்கியவருக்கு அடுத்த வண்டி கிடைத்ததா என்பதுதான் கேள்வி என்றார்.

இறங்கியவருக்கு அடுத்தது கிடைத்ததா! எனக்கு அடுத்தது சோறு. அந்த உயரமான மனிதரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது, செங்கம் ரோட்டில் அதெல்லாம் முடியாது என்பதால் இன்னொரு காபி வாங்கிக் கொடுத்தேன். நான் கேட்ட கேள்வி தப்பில்லை, போட்ட கணக்குத்தான் தப்பு. மிச்சிகோ தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் மணிக்கட்டில் கட்டினாள். விநாடி முள் இருந்தது. வந்து சேர்ந்த நேரத்தை மட்டும் எழுதாதே, ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்ற நேரத்தையும் கிளம்பிய நேரத்தையும் எழுது, தாமதம் மொத்தமாக வராது, எங்கேயோ ஒரு இடத்தில் உட்கார்ந்திருக்கும், அதைக் கண்டுபிடி என்றாள்.

பதினெட்டுப் பள்ளி நாள் அளந்தேன். ஜன்னல் ஓரத்துக்காகச் சண்டை போட்டேன். நோட்டும் பென்சிலுமாக நான் தலையை வெளியே நீட்டுவதைப் பார்த்து, முதல் இரண்டு நாள் கூட வருகிறவர்கள் சிரித்தார்கள். மூன்றாம் நாள் ஒருவர் 'பதினாறு, இருபத்தி ரெண்டு, பத்து' என்று விநாடியோடு எனக்கு நேரம் சொன்னார். ஒரு வாரத்தில் பெட்டி முழுக்கச் சேர்ந்து எண்ண ஆரம்பித்தது. சீசன் டிக்கெட்காரர்களுக்கு இவ்வளவு நாள் வேறு பொழுதுபோக்கு இல்லாமல் இருந்திருக்கிறது.

பதினெட்டாம் நாள் மிச்சிகோவும் நானும் தரையில் காகிதத்தை விரித்துக் கணக்குப் போட்டோம். தசரதன் கேட்டுச் சொன்ன கடைசி ஸ்டேஷன் கணக்குப்படி பதினெட்டில் பதினேழு நாள் வண்டி சரி. திருவண்ணாமலையில் இங்கிலீஷ்காரர் கணக்குப்படி மூன்று நாள் சரி. மிச்சிகோ கணக்குப்படி ஒரு நாள்கூட இல்லை. இதே வண்டி ஆனி மாதத்தில் ஓடியிருந்தால் என் வயிற்றுக் கணக்குப்படி பதினெட்டு நாளும் சரி, கார்த்திகையில் ஐந்து நாள். ஒரே ரயில், அதே பதினெட்டு நாள், ஆளுக்கு ஒரு விடை.

அதைவிடப் பெரிய விடை அடுத்த காகிதத்தில் இருந்தது. மற்ற ஸ்டேஷன்களில் வண்டி இழந்தது ஒரு நிமிடம், மிஞ்சினால் மூன்று. ஏந்தலூர் என்ற குட்டி ஸ்டேஷனில் மட்டும், இரண்டு நிமிடம் நிற்க வேண்டிய வண்டி, மூன்று நாள் தவிர தினமும் பதினொன்று முதல் பதினேழு நிமிடம் நின்றிருக்கிறது. நான் மூன்று வருடமாக அந்த ஸ்டேஷனில் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். மிச்சிகோ காகிதத்தில் அந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, இரண்டு கையையும் தட்டினாள்.

அடுத்த நாள் ஏந்தலூரில் நான் தலையை நீட்டவில்லை, இறங்கியே விட்டேன். விஷயம் கண் முன்னால் நடந்தது. ஏந்தலூர் பூ விளைகிற ஊர். சாமந்தியும் மல்லியும் கூடை கூடையாக அந்த வண்டியில்தான் போகிறது. கூடைகளை ஏற்றுவது கடைசியில் இருக்கும் கார்டு பெட்டியில். கூடைகளை வைத்திருப்பதோ பிளாட்பாரத்தின் முன்பக்கம், எஞ்சின் வந்து நிற்கும் இடத்தில், ஒரு பெரிய புளிய மரத்துக்கு அடியில். நாற்பது கூடையைப் பத்துப் பெண்கள் தலையில் வைத்துக்கொண்டு வண்டியின் முழு நீளத்துக்கும் ஓடுகிறார்கள், திரும்ப ஓடி வருகிறார்கள், மறுபடி ஓடுகிறார்கள். நான்கு நடை. கார்டு கொடியைப் பிடித்துக்கொண்டு பாவம் பார்த்து நிற்கிறார்.

அந்தப் பெண்களுக்குத் தலைவி போல இருந்தவள் கன்னியம்மாள். நாற்பது வயதிருக்கும், என்னைவிடச் சத்தமாகப் பேசுகிற பெண்ணை அன்றுதான் முதல் முதலாகப் பார்த்தேன். கூடைகளைப் பின்னால் வைத்தால் என்ன என்று கேட்டேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னா டீச்சரம்மா பேசற. அங்க ஒரு துளி நெழல் கீதா பாரு. ரெண்டு மணிலேர்ந்து வெயில்ல வெச்சா பூ வாடிடும். பூ வாடினா எங்க வயிறு வாடும்."

அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. என் வயிறும் அவள் வயிறும் ஒரே பிளாட்பாரத்தில் எதிரும் புதிருமாக மாட்டிக்கொண்டிருந்தன. பின்னால் நிழல் இருந்தால் வைப்பாயா என்று கேட்டேன். நாங்க என்ன ஓடறதுக்கு ஆசைப்பட்டா ஓடறோம் என்றாள். மரத்தை நகர்த்த முடியாது. நிழலை நகர்த்தலாம். அந்த வண்டியில் மீதித் தூரத்தை நான் உட்கார்ந்து வரவில்லை, நிலைகொள்ளவில்லை.

தசரதனிடம் ஓடினேன். காகிதத்தைப் பார்த்து அவர் தும்மலை மறந்தார். இரண்டு முறை கூட்டிப் பார்த்தார். ஆனால் பந்தல் என்றதும் கையை விரித்தார். ரயில்வே இடத்தில் ஒரு கீற்று நடுவதற்கும் மேலே எழுதிக் கேட்க வேண்டும், பதில் வர ஆறு மாதமாகும் என்றார். எனக்கு இருந்தது எட்டு நாள். நான் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அதைச் சொல்ல வெட்கமில்லை, வேலையை விட்டுவிடு என்பது அன்றுதான் எனக்கு உண்மையிலேயே உறைத்தது.

தசரதன் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். வெளியே எங்கள் ஸ்டேஷன் வாசலில் தீபத்துக்கு வரும் கூட்டத்துக்காகப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"தீபத்துக்கு வர பயணிகளுக்கு எந்த ஸ்டேஷன்லயும் தற்காலிகப் பந்தல் போடலாம்னு வருஷா வருஷம் ஆர்டர் வருது. ஏந்தலூர்ல யாரும் இதுவரைக்கும் கேட்டதில்ல. நீங்க எழுதிக் கொடுங்க. எந்தப் பக்கம் போடணும்னு அந்த ஆர்டர்ல எழுதல."

எழுதிக் கொடுத்தேன். என் கையெழுத்து அவ்வளவு அழகாக அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. தீபத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலை நானும் என் கணவரும் மிச்சிகோவும் ஏந்தலூரில் இறங்கினோம். கன்னியம்மாள் வீட்டு ஆண்கள் மூங்கிலும் கீற்றும் கொண்டுவந்திருந்தார்கள். கார்டு பெட்டி நிற்கும் இடத்தை நான் முன்பே அடியால் அளந்து கல் வைத்திருந்தேன். என் கணவர் பேசாமல் கயிறு பிடித்தார், பேசாமல் முடிச்சுப் போட்டார். மிச்சிகோ பந்தல் காலுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை மூன்று முறை அளந்தாள். மத்தியானத்துக்குள் நிழல் தயார்.

திங்கட்கிழமை. மறுநாள் தீபம், ஊர் முழுக்க லீவு. ஆகவே இதுதான் என் கடைசி வண்டி. அன்றைக்குப் பஞ்சாங்கத்தில் அஸ்தமனம் ஐந்து நாற்பத்தைந்து. பெட்டியில் தீபத்துக்குப் போகும் கூட்டம் கூரை வரைக்கும் இருந்தது. விஷயம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, தெரியாதவர்களுக்கு நானே சொல்லியிருந்தேன். ஏந்தலூர் வந்ததும் ஜன்னலுக்கு ஜன்னல் தலைகள் பின்பக்கம் பார்த்து நீண்டன. கன்னியம்மாளும் அவள் ஆட்களும் பந்தலுக்கு அடியில் வரிசையாக நின்றிருந்தார்கள். யாரும் ஓடவில்லை. கையிலிருந்து கைக்குக் கூடை போயிற்று. பெட்டிக்குள் ஒருவர் விநாடியைச் சத்தமாக எண்ண, மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். நூற்று முப்பதாவது விநாடியில் கார்டு பச்சைக் கொடியைக் காட்டினார். எஞ்சின் டிரைவருக்கே நம்பிக்கை வரவில்லை போலிருக்கிறது, எட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஊதினார். பெட்டியில் எழுந்த கூச்சல் கோயில் வரைக்கும் கேட்டிருக்கும்.

ஐந்து ஆறுக்குத் திருவண்ணாமலையில் இறங்கினேன். ஒரு நிமிடம் தாமதம். இங்கிலீஷ்காரர் கணக்கில் பாஸ்.

வாசலுக்கு வந்தால் ஜட்கா இல்லை. கண்ணாயிரம் இல்லை, அவர் குதிரை இல்லை, எந்த ஜட்காவும் இல்லை. எனக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. வண்டி என்றைக்கு ஐந்து ஐந்துக்கு வந்திருக்கிறது? அவர் ஐந்தே காலுக்குத்தான் டீக்கடையை விட்டே எழுந்திருப்பார். பின்னால் திரும்பினால் இன்னும் மோசம். அந்த வண்டியில் ஏற வேண்டிய இருபது முப்பது பேர் மூட்டை முடிச்சோடு அப்போதுதான் ஆடி அசைந்து ஸ்டேஷனுக்குள் நுழைந்துகொண்டிருந்தார்கள், வண்டி கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது. ஒரு பெரியவர் ரயில் நேரத்துக்கு வந்துவிட்டது என்று தசரதனிடம் புகார் பண்ணிக்கொண்டிருந்தார்.

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினேன். தீபக் கூட்டத்தில் எதிர்நீச்சல். தேரடி வீதிக்கு வரும்போது ஐந்து இருபத்தி நாலு. அங்கே என் கணவர் கடை வாசலில் நிதானமாகக் கல்லாவைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று முகம் வெளுத்தது. வண்டி வந்துவிட்டது என்றேன். எந்த வண்டி என்றார். சொன்னேன். கடையைப் பூட்டக்கூட இல்லை, பக்கத்துக் கடைக்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தார். பின்னால் உட்கார்ந்தேன். அந்தக் கூட்டத்தில் அவர் மணி அடித்த வேகத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. இந்த மனிதருக்கு ஏன் இவ்வளவு அவசரம் என்று ஒரு நொடி தோன்றியது, யோசிக்க நேரமில்லை.

வீட்டுக்குள் நுழையும்போது ஐந்து முப்பத்தி நாலு. கை கால் கழுவி உட்கார்ந்தேன். அவர் தட்டு வைத்தார். எதிரில் இன்னொரு தட்டும் வைத்தார். யாருக்கு என்று கேட்டேன்.

"எனக்குத்தான்."

"நாலரைக்குச் சாப்பிட்டிருப்பீங்களே?"

அவர் சோற்றுப் பானையைத் திறந்தார். இரண்டு பேருக்கான சோறு அப்படியே இருந்தது.

"நீ வராம நான் என்னிக்குச் சாப்பிட்டேன்? நீ நேரத்துக்கு வந்த நாள்ல அடுப்படியில ரெண்டு வாய் போட்டுப்பேன். வராத நாள்ல என் பங்கு எங்க போச்சுன்னு எதிர்வீட்டு எருமையைக் கேளு, அதுக்குத் தெரியும்."

என் பதிவேட்டில் இருந்த சுழிகள் எல்லாம் எனக்கு ஒருமுறை கண்ணில் வந்து போயின. மூன்று வருடம். ஒவ்வொரு சுழியும் இரண்டு பேருக்கு. நான் வந்து பட்டினியாகப் படுத்த ஒவ்வொரு நாளும் இந்த மனிதர் சாப்பிட்டாயிற்று என்று சொல்லிவிட்டு என் பக்கத்தில் பட்டினியாகப் படுத்திருக்கிறார். கோபம் அப்படி வந்தது. கேட்பதற்கு ஆயிரம் கேள்வி இருந்தது. அவர் விரலை உதட்டில் வைத்துக் கடிகாரத்தைக் காட்டினார். ஐந்து முப்பத்தி ஏழு. முதல் கவளம் வாயில் வைத்துவிட்டால் முடியும் வரை பேசக்கூடாது.

என் வாழ்க்கையிலேயே நீளமான ஏழு நிமிடம் அதுதான். கண்ணில் தண்ணீர் வந்துகொண்டே இருக்க, அவரை முறைத்துக்கொண்டே சாப்பிட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் வேகவேகமாகச் சாப்பிட்டார். பசியோடு ஒரு ஆள் சாப்பிடுவது எப்படி இருக்கும் என்று என் வீட்டில் அன்றுதான் பார்த்தேன். கை கழுவும்போது ஐந்து நாற்பத்தி நாலு.

திட்டத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"புதன்கிழமை நான் ஸ்கூலுக்குப் போகட்டுமா?"

அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"போ. ஆனா லேட்டா வராதே. எனக்குப் பசி தாங்கல."